காதுக்கேற்ற கருவி

கம்பியில்லாத் தந்தியைப் பற்றி மக்கள் வியந்து பேசிய காலம் ஒன்று இருந்தது. இன்றோ, புளியங்கொட்டையைவிடச் சற்றே பெரிய ஒரு பொருள், எவ்விதக் கம்பியும் இன்றிக் காதுக்குள் அமர்ந்துகொண்டு பாட்டும் பாடமும் சொல்கிறது. இதனை இயர்பட் என்கிறோம். எங்கள் தமிழாசிரியை இதற்குச் ‘செவிமொட்டு’ என்று பெயர் சூட்டினார். அழகிய பெயர்தான். ஆனால் கடைக்காரரிடம் போய்ச் செவிமொட்டு கேட்டால் அவர் பூக்கடைக்கு வழி காட்டக்கூடும் என்பதால், இக்கட்டுரையில் எல்லோரும் வழங்கும் பெயரையே எழுதுகிறோம்.

காதில் மாட்டிக் கேட்கும் கருவி நமக்குப் புதியது அன்று. 1979-ஆம் ஆண்டில் ஜப்பானின் சோனி நிறுவனம் ‘வாக்மன்’ என்னும் கையடக்க ஒலிநாடாக் கருவியை வெளியிட்டது முதல், நடந்துகொண்டே பாட்டுக் கேட்பது உலகெங்கும் பழக்கமாயிற்று. ஆயினும் கருவிக்கும் காதுக்கும் இடையே ஒரு கம்பி தொங்கிக்கொண்டே இருந்தது. அக்கம்பி கதவுக் கைப்பிடியில் மாட்டும். புத்தகப் பைக்குள் சிக்கு விழும். சில மாதங்களில் ஒரு பக்கம் ஊமையாகும். 2016-ஆம் ஆண்டின் இறுதியில் ஆப்பிள் நிறுவனம் ‘ஏர்பாட்ஸ்’ என்னும் கம்பியில்லா இணையை 159 டாலர் விலையில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்பும் சிலர் செய்து பார்த்ததுதான்; ஆனால் அதன் பின்னரே நிறுவனங்கள் பலவும் போட்டி போட்டுக்கொண்டு இத்துறையில் இறங்கின. அன்று பணக்காரர் பொருளாக இருந்தது இன்று நம் ஊர்க் கடைவீதியில் 700 ரூபாய்க்கும் தொங்குகிறது.

விலை இறங்கியது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் 700 ரூபாய்ப் பெட்டியும் 1,800 ரூபாய்ப் பெட்டியும் ஏறத்தாழ ஒரே வாசகங்களைச் சுமந்து நிற்கின்றன. எதை நம்புவது?

பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் ஐவர் இக்கேள்வியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் எங்களுள் ஒருத்தி. அவள் வீடு ஒரே அறை. இரவில் தம்பி உறங்குவான். இரவு வேலைக்குச் செல்லும் நாட்களில் அவள் அப்பா பகலில் உறங்குவார். கைப்பேசியில் பாடங்களைக் கேட்டுப் படிக்க அவளுக்கு ஓர் இயர்பட் தேவைப்பட்டது. அவள் அம்மா ரவிக்கைகளுக்குக் கொக்கி வைத்தும், ஓரம் அடித்தும் சேர்த்த 1,500 ரூபாயை இதற்கென ஒதுக்கி வைத்திருந்தார். அந்தப் பணம் ஒருமுறைதான் கிடைக்கும். ஆகவே வாங்கிவிட்டு வருந்துவதைவிட, வாங்குமுன் ஆராய்வது என்று தீர்மானித்தோம்.

அக்கா, அண்ணன், சித்தப்பா ஆகியோரிடம் இரவல் கேட்டு நான்கு இணைகளைச் சேர்த்தோம். நிறுவனப் பெயர்களை இங்கே எழுதப்போவதில்லை. நிறத்தை வைத்து நாங்களே பெயரிட்டோம். 1,799 ரூபாய்க்கு வாங்கியது ‘கறுப்பி’. 1,299 ரூபாய்க்கு வாங்கிய நீல நிறத்ததற்கு முதலில் ‘நீலி’ என்று வைத்தோம்; பழையனூர் நீலி நினைவுக்கு வருகிறாள் என்று ஒருத்தி அஞ்சியதால் ‘நீலா’ ஆக்கினோம். 999 ரூபாய்க்கு வந்தது ‘வெள்ளைச்சி’. சாலையோரத்தில் 699 ரூபாய்க்கு ஓர் அண்ணன் வாங்கி வந்த, பெயரே இல்லாத இணை ‘பச்சைக்கிளி’. பள்ளிக்குக் கைப்பேசி கொண்டு வர அனுமதி இல்லை. எனவே சோதனைகள் யாவும் காலாண்டு விடுமுறையில் எங்கள் வீடுகளிலேயே நடந்தன.

முதலில் இக்கருவி எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். கைப்பேசி, ஒலியை எண்களாக மாற்றிச் சுருக்கி, ரேடியோ அலையாக அனுப்புகிறது. இம்முறைக்குப் புளூடூத் என்று பெயர். ‘நீலப்பல்’ என்பது இதன் பொருள்! பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் என்னும் மன்னரின் பட்டப்பெயர் அது. 1998-ஆம் ஆண்டில் எரிக்சன், நோக்கியா, இன்டெல், ஐ.பி.எம்., தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் கூடி இம்முறையை வளர்க்க ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்தின. இதன் அலை 2.4 கிகா ஹெர்ட்ஸ் பகுதியில் ஓடுகிறது. அங்கே நெரிசல் மிகுதி. வீட்டிலுள்ள வைஃபையும், மைக்ரோவேவ் அடுப்பும் அதே பகுதியில்தான் இயங்குகின்றன. அவற்றோடு முட்டிக்கொள்ளாதபடி புளூடூத் அலை 79 தடங்களுக்கிடையே நொடிக்கு 1,600 முறை தாவித் தாவிச் செல்கிறது. பாண்டி ஆட்டத்தில் எங்களுள் எவரும் இவ்வளவு விரைவாகக் கட்டம் தாண்டியதில்லை.

இந்த அலைக்கு ஒரு பகை உண்டு. அது நம் உடல். உடலில் நீர் மிகுதியாக இருப்பதால் இவ்வலையை அது உறிஞ்சிக்கொள்கிறது. கைப்பேசியை முதுகுப்பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தபோது பச்சைக்கிளி விக்கி விக்கிப் பாடியது. கையில் எடுத்ததும் சீராயிற்று. மற்ற மூன்றும் தாக்குப்பிடித்தன.

வந்த அலையை இயர்பட் மீண்டும் மின்னோட்டமாக்கி, ஒரு சிறு கம்பிச்சுருளுக்குள் செலுத்துகிறது. காந்தப்புலத்தில் வைத்த மின்னோட்டக் கம்பி விசையை உணரும் என்று ஒன்பதாம் வகுப்பில் படித்தோம் அல்லவா? அந்த விசைதான் சுருளோடு ஒட்டிய மெல்லிய படலத்தை முன்னும் பின்னும் அசைத்துக் காற்றை அதிரச் செய்கிறது. திருவிழா ஒலிபெருக்கியும் இதே விதிப்படிதான் பாடுகிறது.

இப்போது எங்கள் ஆராய்ச்சியில் நாங்கள் கண்ட முதன்மையான செய்திக்கு வருகிறோம். விலையும், நிறுவனமும், பெட்டியில் அச்சிட்ட எண்களும் பின்னால் நிற்கட்டும். இயர்பட் காதில் சரியாகப் பொருந்துகிறதா என்பதே முதற்கேள்வி.

சைக்கிள் பம்பின் முனை டியூபில் சரியாகப் பொருந்தாவிட்டால் எவ்வளவு அடித்தாலும் காற்று ஏறாது. காதிலும் அதுவே நிகழ்கிறது. ரப்பர் முனை காதுத் துளையை இடைவெளி இல்லாமல் அடைத்தால், சிறு படலத்தின் அசைவு முழுவதும் செவிப்பறைக்குச் செல்லும். சிறிது இடைவெளி இருந்தாலும் தாழ்ந்த சுருதி ஒலிகள் அதன் வழியே கசிந்துவிடும். தவில் தகர டப்பாவாக ஒலிக்கும். அதோடு, வெளியே சுழலும் மின்விசிறியின் இரைச்சல் அதே இடைவெளியின் வழியே உள்ளே வரும். கேட்பவள் என்ன செய்வாள்? ஒலியைக் கூட்டுவாள்.

கறுப்பியை முதல் நாள் கேட்டபோது எங்களுள் மூவர், “இது நன்றாகவே இல்லை” என்றனர்; இருவர், “இதைப் போல் ஒன்றும் இல்லை” என்றனர். காது ஐந்தும் ஒரே பாட்டைத்தான் கேட்டன! பின்னர்ப் பெட்டியின் அடியில் ஒரு சிறு பொட்டலம் பிரிக்கப்படாமல் கிடப்பதைக் கண்டோம். அதில் சிறிய அளவிலும் பெரிய அளவிலும் வேறு ரப்பர் முனைகள் இருந்தன. பொதுவாக நடுத்தர அளவை மாட்டித்தான் விற்பனைக்கு அனுப்புகிறார்கள். எங்கள் வயதுப் பெண்களின் காதுத் துளை பலருக்குச் சிறியது. சிறிய முனையை மாற்றியதும் மூவரில் இருவர் தம் தீர்ப்பை மாற்றிக்கொண்டனர். மூன்றாமவளுக்கு எந்த முனையும் நிற்கவில்லை; அவளுக்குக் கறுப்பியின் உடலே பெரிது. ஒருத்திக்கு வலக்காதில் நடுத்தர முனையும், இடக்காதில் சிறிய முனையும் தேவைப்பட்டன. இரு காதும் ஒரே அளவாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை போலும்!

பொருந்தியதா என்று அறியக் கருவி எதுவும் வேண்டாம். இரண்டையும் மாட்டிக்கொண்டு வாயை மூடியபடி ‘ம்...’ என்று ஓசை எழுப்புங்கள். குடத்துக்குள் முனகுவதுபோல் உங்கள் குரல் உள்ளேயே முழங்கினால் அடைப்பு சரி. பின் தலையை ஆட்டிப் பாருங்கள். முறுக்கு மெல்வதுபோல் தாடையை அசைத்துப் பாருங்கள். பாட்டின் கனம் மாறாதிருக்கவேண்டும்.

பெண்களாகிய நமக்கு மட்டுமே உரிய சில தொல்லைகளும் உண்டு. இயர்பட்டிலிருந்து கீழே நீண்டு தொங்கும் தண்டில் ஜிமிக்கி தட்டும். தட்டும் ஓசை காதுக்குள் மணியடிக்கும். பேசும்போது அது மைக்கிலும் விழும். கற்பூரம் போன்ற சிறு தோடானால் தொல்லை இல்லை. தொட்டால் பாட்டு நிற்கும், இருமுறை தொட்டால் அடுத்த பாட்டு வரும் என்ற வசதி எல்லா இணையிலும் இருந்தது. பின்னலைச் சரி செய்யும் ஒவ்வொரு முறையும் பாட்டு நின்றது. தேங்காயெண்ணெய் தேய்த்துத் தலை வாரிய காலை வேளையில் நான்குமே வழுக்கின. காதோரத்தை ஒருமுறை துடைத்துவிட்டு மாட்டுவதே வழி.

வெள்ளைச்சியைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். அதற்கு ரப்பர் முனையே கிடையாது. காதின் வாயிலில் உட்காருமே தவிர உள்ளே செல்லாது. இதனால் காது அரிப்பதில்லை. அம்மா அழைப்பதும் கேட்கிறது. அமைதியான அறையில் அதன் ஒலி எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் மின்விசிறியை ஐந்தில் வைத்ததும் அதன் மெல்லிய குரல் மறைந்தது. அமைதியான வீடு வாய்த்தவர்களுக்கு அது நல்ல இணை. எங்கள் தோழிக்கு உதவாது.

அடுத்தது ஒலியின் தெளிவு. மலிவான இயர்பட்டுகளைச் செய்வோர், தாழ்ந்த சுருதியை வேண்டுமென்றே தூக்கி வைக்கிறார்கள். கடையில் ஒரு நிமிடம் கேட்போருக்கு ‘தம் தம்’ என்ற அதிர்வு மயக்கம் தரும் அல்லவா? பாடம் கேட்பவருக்கோ அது இடையூறு. இதைச் சோதிக்க ஒரு தமிழ் வழியைக் கண்டோம். ‘வலி, வளி, வழி’, ‘ஒலி, ஒளி, ஒழி’, ‘தலை, தளை, தழை’ என்று இருபது சொற்களை, திருத்தமாகப் பேசக்கூடிய ஒருத்தியைக் கொண்டு வரிசை மாற்றிப் பதிவு செய்தோம். மற்ற நால்வரும் மாட்டிக் கேட்டுச் சொல்வதெழுதினோம். ல, ள, ழ மூன்றையும் பிரித்துக் காட்டும் நுண்ணிய வேறுபாடு மேற்சுருதிப் பகுதியில் இருக்கிறது. கீழ்ச்சுருதி முழக்கம் அதனை எளிதில் மூடிவிடும். பச்சைக்கிளியில் எவராலும் பிழையின்றி எழுத இயலவில்லை. விலை மிகுந்த கறுப்பியிலும் ‘வளி’ பலருக்கு ‘வலி’ ஆயிற்று. நீலாவிலும் வெள்ளைச்சியிலும் பிழை மிகக் குறைவு. கைப்பேசியில் ஒலிச் சமன் செய்யும் அமைப்பு உண்டு. அதில் கீழ்ச்சுருதியைக் குறைத்தபின் கறுப்பியும் ஒழுங்காகப் படித்தது. பச்சைக்கிளிக்கு எந்த மருந்தும் பலிக்கவில்லை. நாதசுரமும் வயலினும் கேட்டுப் பார்த்தோம்; முடிவு மாறவில்லை.

மைக்கைச் சோதிக்க, மிக்ஸி ஓடும் சமையலறையிலிருந்து ஒருத்தி பேசினாள். மற்றவர்கள் வேறு வீட்டிலிருந்து கேட்டோம். நான்கில் ஒன்றுகூடத் தேறவில்லை. கறுப்பியும் நீலாவும் மிக்ஸியின் ஓசையை அடக்கின. கூடவே பேசியவளின் சொற்களில் பாதியையும் விழுங்கின. மைக் வாயிலிருந்து தள்ளிக் காதருகே இருப்பதால் இது இயல்பே. நேர்முகத் தேர்வு, இணைய வகுப்பு போன்றவற்றில் பேசவேண்டியவர்களுக்குச் சில நூறு ரூபாய்க் கம்பி ஹெட்போனே மேல் என்பது எங்கள் துணிபு. அது சார்ஜும் கேட்பதில்லை.

இனிப் பெட்டியின் மேல் உள்ள வாசகங்கள். இவற்றுள் பெற்றோரை மிகவும் குழப்புவது ஈ.என்.சி., ஏ.என்.சி. என்னும் இரண்டு. ஓரெழுத்துத்தான் வேறுபாடு, வேலையோ முற்றிலும் வேறு. ஈ.என்.சி. என்பது மைக்குக்கு உரியது. நாம் பேசும்போது சுற்றுப்புற இரைச்சல் மறுமுனையில் இருப்பவருக்குக் கேளாதபடி குறைக்க முயல்கிறது. நம் காதில் விழும் இரைச்சலை அது தொடுவதே இல்லை. ஏ.என்.சி.தான் நம் காதுக்கு உரியது. ஒலி என்பது காற்று நெருங்குவதும் விலகுவதுமாக மாறி மாறி வருவது. வெளி இரைச்சல் காற்றை நெருக்கும் அதே கணத்தில் இயர்பட் காற்றை விலக்கினால், இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இக்கருத்துக்குப் பால் லூக் என்னும் ஜெர்மானியர் 1936-ஆம் ஆண்டிலேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றார் என்றால் வியப்பாக இருக்கிறது. வங்காளத்திலிருந்து அமெரிக்கா சென்றவரின் மகனான அமர் போஸ், 1978-இல் ஒரு விமானப் பயணத்தில் இயந்திர இரைச்சலால் பாட்டுக் கேட்க இயலாமல் போனபோது இத்துறையில் தம் ஆராய்ச்சியைத் தொடங்கினார்.

ஏ.என்.சி. மின்விசிறி, பேருந்து எஞ்சின் போன்ற ஒரே சீரான தாழ்ந்த ஓசையைக் குறைக்கும். குக்கர் விசிலையும், பக்கத்து வீட்டுப் பேச்சையும் பெரிதும் குறைக்காது. மேலும், ரப்பர் முனை சரியாக அடைக்காவிட்டால் ஏ.என்.சி.யும் தன் வேலையைச் செய்ய இயலாது. கறுப்பியில் ஏ.என்.சி. உண்டு. பொருத்தமான முனையுடன் நீலா தன் அடைப்பாலேயே தடுத்த இரைச்சலுக்கும், கறுப்பி மின்னணு முறையில் தடுத்ததற்கும் எங்கள் மின்விசிறி அறையில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. பேருந்தில் மட்டும் கறுப்பி வென்றது.

‘13 மி.மீ. ஒலிப்பான்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அது படலத்தின் அகலம்; பாட்டின் தரம் அன்று. பெரிய பானையில் வைத்த பொங்கல்தான் சுவைக்கும் என்று யாரும் சொல்வதில்லையே! ஐ.பி.எக்ஸ். 4 என்றால் எப்பக்கத்திலிருந்து தெறிக்கும் நீரையும் தாங்கும் என்று பொருள்; வியர்வைக்கும் தூறலுக்கும் அது போதும். ஐ.பி.எக்ஸ். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும். எக்ஸ் என்னும் எழுத்து, தூசிக்குச் சோதிக்கவில்லை என்பதைக் காட்டுகிறது. இந்த எண் பெரும்பாலும் இயர்பட்டுக்கு மட்டுமே; சார்ஜ் ஏற்றும் பெட்டிக்கு அன்று. எனவே ஈரத்தோடு உள்ளே வைத்து மூடலாகாது.

‘40 மணி நேரம்’ என்பது இன்னொன்று. இயர்பட் ஒருமுறை ஓடுவது பெரும்பாலும் ஐந்து, ஆறு மணி நேரமே. பெட்டிக்குள் திரும்பத் திரும்ப வைத்து ஏற்றிக்கொள்வதையும் கூட்டித்தான் நாற்பது. அதுவும் ஒலியைப் பாதியில் வைத்து அளந்தது. ஏ.என்.சி.யைப் போட்டால் இன்னும் குறையும். இதை ஏமாற்று என்று சொல்லமாட்டோம். ஆனால் பெரிய எழுத்தில் நாற்பதையும் சிறிய எழுத்தில் ஆறையும் போடுவது நேர்மையில் சேர்த்தியா என்று கேட்கத் தோன்றுகிறது.

எண்களைவிட முக்கியமானது மின்கலத்தின் ஆயுள். இதனுள் இருப்பது லித்தியம் அயனி மின்கலம். 1991-இல் சந்தைக்கு வந்த இதனை உருவாக்க உழைத்த குடினஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இவ்வகை மின்கலம் ஒவ்வொரு முறை ஏற்றி இறக்கும்போதும் சிறிது மூப்படைகிறது; வெப்பத்தில் இன்னும் விரைவாக மூப்படைகிறது. சுவர்க் கடிகாரத்துக்கு மாற்றுவதுபோல் இதற்கு வேறு மின்கலம் மாற்ற முடியாது, ஒட்டி மூடியிருக்கிறார்கள். ஆகவே 1,299 ரூபாய் என்பது என்றென்றைக்குமான விலை அன்று. இரண்டாண்டு உழைத்தால் மாதம் ஏறத்தாழ 54 ரூபாய். 699 ரூபாய்ப் பச்சைக்கிளியில் ஏழாம் மாதமே இடப்பக்கம் ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. அதன் கணக்கு மாதம் 100 ரூபாய் ஆகிறது. எது மலிவு?

கடையில் பார்க்கவேண்டியவை மூன்று. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு முத்திரையும், ‘ஆர்’ என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்கும் எண்ணும் பெட்டியில் இருக்கவேண்டும். அந்த எண்ணைப் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் இட்டால் உண்மையா என்று தெரிந்துவிடும். பச்சைக்கிளியின் பெட்டியில் முத்திரையே இல்லை. அடுத்து, பழுதானால் கொடுக்க நம் ஊரிலேயே சேவை மையம் உண்டா என்று கேட்கவேண்டும்; சென்னைக்கு அனுப்பவேண்டும் என்றால் அனுப்பும் செலவும் அலைச்சலும் நம்முடையவை. மூன்றாவது, ஒன்று தொலைந்தால் ஒன்றை மட்டும் தனியே வாங்க முடியுமா என்பது. இக்கேள்விக்குப் பல கடைகளில் சிரிப்புத்தான் விடையாகக் கிடைத்தது. பழுதாகிப் போனதைக் குப்பைத் தொட்டியில் போடக்கூடாது. நசுங்கினால் லித்தியம் தீப்பற்றக்கூடும். 1 ஏப்ரல் 2023 முதல் நடப்பிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, அதனை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்கவேண்டும்.

எங்கள் தோழி நீலாவைப் போன்ற இணையையே தேர்ந்தெடுத்தாள். அவள் காதில் சிறிய முனை கச்சிதமாக அமர்ந்தது. ல, ள, ழ தெளிவாகக் கேட்டது. சேவை மையம் பேருந்து நிலையத்துக்குப் பின்புறமே இருந்தது. மீதி 201 ரூபாயை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தாள்.

இனி, எந்தக் கடையிலும் மாற்றித் தராத பொருளைப் பற்றிச் சொல்லவேண்டும். நம் உட்செவியில் காதொன்றுக்கு ஏறத்தாழ 15,000 உணர்மயிர்ச் செல்கள் இருக்கின்றன. ஒலியை நரம்புக்குச் சொல்பவை இவையே. மிகுந்த ஓசையால் இவை அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. உலகெங்கும் இளையோர் 100 கோடிக்கும் மேற்பட்டவர்கள் இவ்வாறு செவித்திறனை இழக்கும் ஆபத்தில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அந்நிறுவனம் வகுத்த அளவின்படி பெரியவர்கள் 80 டெசிபல் ஒலியை வாரம் 40 மணி நேரம் கேட்கலாம்; சிறுவர்களுக்கு 75 டெசிபல் அளவில் 40 மணி நேரம். இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள், தோழியரே. டெசிபல் சாதாரணக் கூட்டல் அன்று. மூன்று டெசிபல் ஏறினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகும். கேட்கக்கூடிய நேரம் பாதியாகும். 75-இல் 40 மணி என்றால் 78-இல் 20 மணி, 81-இல் 10 மணி, 84-இல் ஐந்தே மணி நேரம். ஒரு வாரம் முழுவதற்கும் ஐந்து!

வீட்டில் டெசிபல் அளக்கக் கருவி இராது. ஒலியை முழு அளவில் நூற்றுக்கு 60-க்கு மேல் வைக்காதிருப்பது எளிய வழி. சில கைப்பேசிகளே வாரக் கணக்கை எழுதி வைத்து எச்சரிக்கின்றன. தம்பி தங்கைக்குக் கொடுக்குமுன், இதற்கு மேல் ஏறாதபடி எல்லை வைக்கவும் அமைப்புகளில் இடம் உண்டு. ரப்பர் முனை பொருந்தாத காதுக்கு இந்த 60 போதாது என்று தோன்றும். அவள் 80-க்குப் போவாள். அதனால்தான் பொட்டலத்தில் இருக்கும் சிறிய முனையைப் பற்றி இவ்வளவு எழுதினோம்.

நம்மிடையே ‘ஆளுக்கொரு காது’ என்று ஓர் இணையை இருவர் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் இருக்கிறது. நட்புக்கு அழகுதான். ஆனால் ஒரு காதால் கேட்கும்போது ஓசை குறைந்ததுபோல் தோன்றுவதால் இருவரும் சேர்ந்து ஒலியை ஏற்றுகிறோம். ஒருத்தியின் காது அழுக்கும் தொற்றும் மற்றவளுக்கும் செல்கின்றன. பகிர்ந்தே ஆகவேண்டும் என்றால் முனையைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கொடுக்கலாம். சைக்கிளில் வருவோர் சாலையில் இரண்டையும் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும்; பின்னால் வரும் லாரியின் ஹாரனை நீலாவின் அடைப்பு எவ்வளவு நன்றாகத் தடுக்கிறது என்பதை நாங்கள் வீட்டு மாடியில் நின்றே தெரிந்துகொண்டோம்.

ஒரு வாரம் ஐவரும் தத்தம் கேட்கும் நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதினோம். நால்வருக்கு வாரம் பன்னிரண்டு மணிக்குள் வந்தது. ஐந்தாமவளுக்கு 26 மணி. அதில் ஒன்பது மணி, நாள்தோறும் பேருந்தில் எஞ்சின் இரைச்சலுக்கு மேலாகக் கேட்டது. அவள் இப்போது பேருந்தில் கேட்பதை நிறுத்திவிட்டு, அந்த நேரத்தில் வரலாற்று ஆண்டுகளை மனப்பாடம் செய்கிறாள்.